பாத்திரத்தின் எடையும் வெட்டிக் கொடுங்கள்

சமையலறை மேடைக்கு ஒரு சிறிய மின்னணுத் தராசு வந்த அன்று என் மாமியார் அதை இரண்டு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, "நகை நிறுக்கவா?" என்று கேட்டார்கள். "இட்லி நிறுக்க, அத்தை" என்றேன். அப்போது ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் பக்கத்து வீட்டு ஆச்சியிடம், "எங்கள் வீட்டில் இனிமேல் இட்லியை நிறுத்துத்தான் போடுவார்களாம்" என்று சொன்னது கொல்லைப்புறம் வரை கேட்டது.

எனக்கு அப்போது 44 வயது. உயரம் 157 சென்டிமீட்டர், எடை 78 கிலோ. வெறும் வயிற்றுச் சர்க்கரை 112 காட்டியது. மாத்திரை எழுதப் போன மருத்துவர் பேனாவை நிறுத்தி, "ஆறு மாதம் தருகிறேன், நாளொன்றுக்கு 1500 கலோரிக்குள் சாப்பிட்டு எடையைக் குறைத்துக் காட்டுங்கள்" என்றார். அவர் அறையில் இருந்தவரை அது எளிதாகத்தான் தெரிந்தது. பாளையங்கோட்டை பஸ்ஸில் வரும்போதுகூடத் தெம்பாகவே இருந்தேன். வீட்டுக்கு வந்து அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சாம்பாரைப் பார்த்த பிறகுதான் திகைப்பு வந்தது. இந்தச் சட்டியில் எத்தனை கலோரி? அதில் என் பங்கு எத்தனை?

கைபேசிச் செயலியில் "சாம்பார், ஒரு கிண்ணம்" என்று தேடினேன். 90 என்றது ஒரு வரி, 250 என்றது இன்னொன்று. யார் வீட்டுக் கிண்ணம், யார் வைத்த சாம்பார்? தேங்காயும் மல்லியும் வறுத்து இடித்துப்போடும் எங்கள் ஊர் இடிசாம்பாரும், ஹோட்டலில் வாளியில் கொண்டுவந்து ஊற்றும் சாம்பாரும் ஒன்றா? சரி, சமைத்த பண்டத்தைத் தேடுவதைவிடச் சேர்க்கும் பொருள்களைக் கூட்டுவோம் என்று முடிவு செய்து, ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவுப்பொருள் அட்டவணையைத் தேடி எடுத்தேன். 528 பொருள்கள் இருக்கின்றன. அரிசிக்கு நேராக ஏறத்தாழ 1500 என்று போட்டிருந்தது. நூறு கிராமுக்கு! அன்று மதியம் இரண்டு பிடி சோற்றோடு எழுந்துவிட்டேன். மறுநாள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்து, "அம்மா, இது கிலோ ஜூல். 4.18-ஆல் வகுக்க வேண்டும்" என்றாள். வகுத்தால் 356. உயிர் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு நான் மனப்பாடம் செய்தது மிகக் கொஞ்சம். மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி, புரதமும் 4, கொழுப்பு 9. அரிசி, ரவை, கோதுமை மாவு, பருப்பு வகைகள் எல்லாமே உலர்ந்த நிலையில் நூறு கிராமுக்கு 320-லிருந்து 360-க்குள் அடங்கிவிடுகின்றன. எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு தேக்கரண்டி 40-லிருந்து 45. தேங்காய்த் துருவல் நூறு கிராம் 400. முட்டை ஒன்று 70. கீரையும் நீர்க்காய்களும் நூறு கிராமுக்கு 20, 30. இவ்வளவு தெரிந்தால் ஒரு தமிழ் வீட்டுச் சமையலில் பெரும்பகுதிக்குக் கணக்குப் போட்டுவிடலாம்.

ஆனால் பாத்திரம் குறுக்கே நின்றது. எங்கள் வீட்டில் ஐந்து பேர். ஒரே சட்டியில் சமைத்து ஆளுக்கொரு கரண்டி ஊற்றிக்கொள்கிறோம். என் பங்கை அறிய முழுச் சட்டியையும் நிறுக்க வேண்டும், நிறுத்ததிலிருந்து சட்டியின் எடையைக் கழிக்க வேண்டும். கொதிக்கிற சாம்பாரை வேறு பாத்திரத்தில் கொட்டிவிட்டுக் காலிச் சட்டியை யார் நிறுப்பது? ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பாத்திரங்களையும் வெறுமனே நிறுத்துக் காகிதத்தில் குறித்தேன். காகிதம் இரண்டே நாளில் தொலைந்தது. பிறகுதான் யோசனை வந்தது. எங்கள் வீட்டுப் பாத்திரங்களின் விளிம்பில் அத்தையின் பெயர் வெட்டியிருக்கும், அவர்களுக்குச் சீர் வந்த தேதியோடு. அன்றாடம் புழங்கும் ஆறு பாத்திரங்களைக் கட்டைப்பையில் போட்டு, பெயர் வெட்டித் தரும் பாத்திரக் கடைக்குக் கொண்டுபோனேன். "பெயர் ஏற்கெனவே இருக்கிறதே அம்மா?" என்றார் கடைக்காரர். "பெயருக்குக் கீழே பாத்திரத்தின் எடையும் வெட்டிக் கொடுங்கள்" என்றேன். அவர் என்னை எப்படிப் பார்த்தார் என்பதை இன்னும் மறக்கவில்லை. ஆனால் வெட்டிக் கொடுத்தார். இன்றுவரை என் கணக்கு நிற்பது அந்த ஆறு எண்களின் மேல்தான்.

முதன்முதலில் அப்படி அளந்த சாம்பார்: துவரம்பருப்பு 150 கிராம், அதற்கு 500 கலோரி. காய்கள் 400 கிராம், 120. தேங்காய் 40 கிராம், 160. தாளிக்கவும் வதக்கவும் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், 240. மொத்தம் 1020. இறக்கும்போது சாம்பார் மட்டும் 1700 கிராம். நூறு கிராம் பிடிக்கும் குழிக்கரண்டிக்கு 60 கலோரி. இதில் என்னைத் தூக்கிவாரிப்போட்டது எண்ணெய்தான். அரைக் கிலோவுக்கு அருகே இருக்கும் காய்களின் கணக்கைப்போல இரண்டு மடங்கு, கண்ணுக்கே தெரியாத இரண்டு கரண்டி எண்ணெயில் இருந்தது. வாரநாள் சாம்பாருக்கு எண்ணெயை இரண்டு தேக்கரண்டியாகக் குறைத்து, தேங்காயையும் நிறுத்திப் பார்த்தேன். கரண்டிக்கு 42 ஆயிற்று. மகனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அத்தைக்கு முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னார்கள்.

அன்றிலிருந்து எண்ணெய்க் கணக்கு என்னைப் பிடித்துக்கொண்டது. அந்த மாதம் நல்லெண்ணெய், கடலை எண்ணெய் எல்லாம் சேர்த்து வீட்டில் ஆறு லிட்டர் செலவாகியிருந்தது. ஐந்து பேர், முப்பது நாள் என்று பிரித்தால் தலைக்கு நாளொன்றுக்கு 36 கிராம், அதாவது 330 கலோரி. அந்த எண்ணெய்க்கு யார் தட்டிலும் ஓர் இடம் கிடையாது. யாரும் "இன்றைக்கு எண்ணெய் சாப்பிட்டேன்" என்று சொல்வதில்லை. எடை கூடினால் நாம் எல்லோரும் சோற்றைத்தான் திட்டுகிறோம். என்னைக் கேட்டால் பாதிப் பழி தாளிப்புக் கரண்டியின் மேல் விழ வேண்டியது. தூக்கிலிருந்து சாய்த்து ஊற்றும் பழக்கத்தை விட்டுவிட்டு, எண்ணெய்ப் பாத்திரத்துக்குள்ளேயே ஒரு தேக்கரண்டியைப் போட்டு வைத்தேன். தோசைக்கல்லுக்குப் பழைய முறைக்கே திரும்பினேன்: பாதியாக நறுக்கிய வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்ப்பது. வேறு எதையும் நிறுத்தவில்லை. அடுத்த மாதம் நான்கு லிட்டரில் முடிந்தது. தலைக்கு 24 கிராம், 220 கலோரி. பட்டினி கிடக்காமலேயே நாளுக்கு நூறு கலோரிக்குமேல் குறைந்திருந்தது, வீடு முழுவதற்கும்.

காலை உணவுக்கு என் பரிந்துரை இட்லிதான். எடை குறைக்க ஓட்ஸ் வாங்கி வந்து அழாத குறையாக விழுங்கும் தோழிகள் எனக்கு உண்டு. எங்கள் வீட்டு இட்லி ஒன்று 45 கிராம், 60 கலோரி. மூன்று சாப்பிட்டாலும் 180. இட்லி ஒருபோதும் குற்றவாளி இல்லை. கூட வருகிறவர்களைத்தான் விசாரிக்க வேண்டும். மிளகாய்ப் பொடியில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றுகிறோமே, அந்தக் குழிக்கு ஒரு மேசைக்கரண்டி பிடிக்கும். 120 கலோரி, அதாவது இரண்டு இட்லி. அரை மூடித் தேங்காயும் பொட்டுக்கடலையும் போட்ட சட்னியில் ஆளுக்கு 100 வந்துவிடும். வெங்காயமும் தக்காளியும் வதக்கி அரைத்தால் அதுவே 35. ஆகவே மூன்று இட்லி, இரண்டு கரண்டிச் சாம்பார், தக்காளிச் சட்னி என்றால் 300 கலோரி. ஒரு மணி வரை பசிக்காது. பொடி வேண்டும் என்கிற நாளில் எண்ணெயை அரைத் தேக்கரண்டியாக்கி, வெந்நீரில் குழைத்துக்கொள்கிறேன். நெல்லைக்காரி இப்படி எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுதலாம், பழகிவிட்டது.

கோடையில் வாரம் இரண்டு நாள் கேழ்வரகுக் கூழ். 40 கிராம் மாவில் காய்ச்சி, நீர்மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டால் 170-க்குள் முடியும். கூடவே ஒரு அவித்த முட்டை. எங்கள் வீட்டில் முட்டைக்குத் தனிச் சட்டி, தனி அடுப்பு, அதுவும் பின்கட்டில். அத்தை அந்தப் பக்கம் வரும்போது நாங்கள் எல்லோரும் வேறு ஏதோ பேசிக்கொண்டிருப்போம். வெண்பொங்கலைப் பற்றி மட்டும் என்னால் நல்லதாக எதுவும் சொல்ல முடியவில்லை. அரிசி, பருப்பு, நெய், முந்திரி எல்லாம் கூட்டினால் ஒரு சிறிய கிண்ணம் 330-ஐத் தாண்டுகிறது, அது பசியாற்றும் கிண்ணமும் இல்லை. பக்கத்தில் வடை வேறு. அதை மாதத்தில் ஒரு ஞாயிறுக்குத் தள்ளிவிட்டேன்.

காபிக் கணக்கு எனக்குப் பெரிய அவமானம். நாளைக்கு மூன்று தம்ளர். ஒவ்வொன்றிலும் ஆரஞ்சு நிற ஆவின் பாக்கெட்டின் நிறைகொழுப்புப் பால் நூறு மில்லி, இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை. தம்ளருக்கு 125-க்குமேல், மூன்றுக்கு ஏறத்தாழ 380. ஒரு வேளைச் சாப்பாட்டை நான் குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஆவின் பாக்கெட்டில் நிறம்தான் கொழுப்பைச் சொல்கிறது: ஆரஞ்சில் 6 சதவீதம், பச்சையில் 4.5, நீலத்தில் 3. எனக்கு மட்டும் நீலம் என்று மாற்றி, சர்க்கரையை அரைத் தேக்கரண்டியாக்கி, நாளைக்கு இரண்டு என்று நிறுத்தினேன். இப்போது 140. சர்க்கரையை ஒரே நாளில் குறைக்கவில்லை. பத்து நாளைக்கு அரைத் தேக்கரண்டி என்று இறக்கினேன். டிகாக்‌ஷன் நன்றாக இறங்கியிருந்தால் சர்க்கரை குறைந்ததே தெரியாது. தண்ணீர்க் காபி குடிப்பவர்களுக்குத்தான் சர்க்கரை வேண்டும்.

மதியச் சாப்பாட்டில் நான் செய்தது ஒரே ஒரு தலைகீழ் மாற்றம். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் காய் என்பதை, காய்க்குத் தொட்டுக்கொள்ளச் சோறு என்று ஆக்கினேன். எங்கள் அன்னக்கரண்டியில் தலைதட்டி எடுத்தால் 70 கிராம் சோறு, 90 கலோரி. முன்பு ஐந்து கரண்டி, தலைகுவித்து. இப்போது இரண்டு, தலைதட்டி. டிபன் பாக்ஸில் பெரிய அடுக்கு காய்க்கு, சின்ன அடுக்கு சோற்றுக்கு. வாழைத்தண்டும் பாசிப்பருப்பும் சேர்ந்த கூட்டு நிறையப் போட்டுக்கொண்டாலும் 90. கீரை மசியல், புடலங்காய், சுரைக்காய், பீர்க்கங்காய், சௌசௌ எல்லாம் இந்த வகைதான்; அள்ளிச் சாப்பிடலாம். ரசம் 25, மோர் 30, பொரியல் 60. முட்டையோடு சேர்த்தாலும் 480-க்குள் வயிறு நிறைந்துவிடுகிறது.

காய்களிலும் சில ஏமாற்றுக்காரர்கள் உண்டு. உருளை, சேனை, வாழைக்காய், சேப்பங்கிழங்கு இவற்றைப் பொரியல் என்று நம்பி எடுத்துக்கொள்வோம். கணக்கில் அவை சோற்றுப் பக்கம். அவை இருக்கும் நாளில் ஒரு கரண்டிச் சோறு குறைப்பேன். கத்தரிக்காய் எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் குடிக்கும். முக்கால் பங்கு ஆவியில் வேகவைத்துப் பிறகு தாளித்தால் வாயை மூடிக்கொள்கிறது. வெண்டைக்காய் வழவழப்புப் போவதற்காகத்தான் எண்ணெய் மேல் எண்ணெயாக ஊற்றுவேன். நறுக்குவதற்கு முன் ஈரம் போகத் துடைத்து, வதங்கும்போது ஒரு கரண்டி மோர் தெளித்தால் அந்த வேலை தானாக நடக்கிறது.

சிறுதானியத்தில் நானும் ஏமாந்தவள்தான். சாமையும் தினையும் எடை குறைக்கும் என்று கேட்டுவிட்டு, மூன்று வாரம் சோற்றுக்குப் பதில் சாமைச் சோறு, அதுவும் "நல்லதுதானே" என்று நான்கு கரண்டி. எடை 400 கிராம் கூடியது. நிறுத்துப் பார்த்தால் சாமையும் அரிசியும் நூறு கிராமுக்குக் கலோரியில் ஏறத்தாழ ஒன்றுதான். நார்ச்சத்து இருப்பதால் கொஞ்சத்திலேயே பசி அடங்கும், அதுதான் அதன் நன்மை. கொஞ்சமாகச் சாப்பிட்டால் அல்லவா?

இரண்டாம் மாதம் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும். எண்கள் கைக்கு வந்ததும் ஒரு வெறி பிடித்தது. 1500 எதற்கு, 1100 போதும் என்று இரவு உணவையே விட்டேன். முதல் இரண்டு வாரம் எடை சரசரவென்று இறங்கியது. மூன்றாம் வாரம் பஸ் நிறுத்தத்தில் கண் இருட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சீப்பில் முடி கொத்தாக வந்தது. மருத்துவர் கோபப்பட்டார். பட்டினியில் கொழுப்போடு தசையும் கரையும் என்றார்; சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் இப்படிச் செய்தால் சர்க்கரை மளமளவென்று இறங்கி ஆபத்தாகிவிடும் என்றும் எச்சரித்தார். திரும்பவும் 1500. கூடவே புரதத்தைக் கவனிக்கச் சொன்னார். சைவச் சமையலில் அது தானாக வந்து சேராது. அதனால்தான் மாலையில் சுண்டல், இரவில் பாசிப்பயறு தோசை.

சுண்டல் எங்கள் வீட்டில் நவராத்திரிக்கு மட்டும் உரியதாக இருந்தது. இப்போது வாரம் ஐந்து நாள். ஆளுக்கு 30 கிராம் கொண்டைக்கடலை, அல்லது தட்டைப்பயறு, மொச்சை, இரவே ஊறவைத்தது. தாளிப்போடு 130. இதே பசிக்கு முன்பு ஒரு கிண்ணம் மிக்சர் கொறிப்பேன். 50 கிராமே 250-ஐத் தாண்டும், அதோடு நிற்கவும் நிற்காது. இரவுக்கு 40 கிராம் பாசிப்பயறு ஊறவைத்து, இஞ்சி, பச்சை மிளகாய், சீரகம் சேர்த்து அரைத்து இரண்டு தோசை, எண்ணெயோடு 180. புரதம் பத்துக் கிராமுக்கு அருகே. சில நாள் எண்ணெய் தடவாத இரண்டு சப்பாத்தியும் தேங்காய் இல்லாத பட்டாணிக் குருமாவும், 320. ரவை உப்புமா செய்தால் ரவையின் எடைக்குச் சமமாகக் காய். இல்லையென்றால் அது இரவு பத்து மணிக்குத் திரும்பப் பசிக்க வைக்கும்.

நான்காம் மாதம் எடை ஒரே இடத்தில் நின்றது. மூன்று வாரம், நூறு கிராம்கூட அசையவில்லை. நோட்டுப் புத்தகத்தில் எல்லாம் சரியாக இருந்தது. ஒரு நாள், தட்டில் விழாமல் வாய்க்குப் போனதை மட்டும் தனியாக எழுதினேன். தேங்காய் துருவும்போது ஒரு பல். உப்புப் பார்க்க மூன்று தரம் உள்ளங்கையில் குழம்பு. மகன் டிபன் பாக்ஸில் மிச்சம் வைத்த தயிர்சாதம், வீணாகக் கூடாதே என்று இரண்டு கவளம். ஆச்சி கொடுத்தனுப்பிய சுசியத்தில் பாதி. கூட்டினால் 260. பொம்பளைகள் சமையலறையில் நின்றுகொண்டே ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு, பிறகு உட்கார்ந்து இன்னொரு வேளை சாப்பிடுகிறோம். மிச்சத்தைக் காலையில் மாட்டுக்காரருக்குக் கொடுத்துவிடுவது என்று ஏற்பாடாயிற்று. எடை மறுபடி நகர்ந்தது.

சொதியை விட முடியுமா? முடியாது, விடவும் மாட்டேன். கல்யாணத்துக்கு மறுநாள் சாப்பாடு என்றால் எங்கள் பக்கம் சொதிதான். தேங்காய்ப்பாலில் காயும் பாசிப்பருப்பும் கொதித்து, இஞ்சித் துவையலோடு. என் கணக்கில் ஒரு பங்கு 300, சோறு தனி, உருளைக்கிழங்கு தனி. அந்த நாளுக்கு முன்னதாகவே காலையில் கூழ், இரவில் ரசமும் காயும் என்று ஒதுக்கி வைத்துவிடுவேன். அல்வாவும் அப்படித்தான், 50 கிராமுக்கு 200 என்று எழுதிவிட்டு, சூடாக, நிம்மதியாகச் சாப்பிடுவேன். எழுதாமல் தின்ற அல்வாதான் என்னை முன்பு 78 கிலோவுக்குக் கொண்டுபோயிற்று.

பதினான்கு மாதத்தில் 69 கிலோ. வெறும் வயிற்றுச் சர்க்கரை 96. மருத்துவர் இன்னும் இரண்டு கிலோ கேட்கிறார், நான் அவசரப்படவில்லை. இப்போதெல்லாம் தினமும் எழுதுவதில்லை. மாதத்தின் முதல் வாரம் மட்டும் நிறுத்துச் சாப்பிடுகிறேன். கை மறுபடி தலைகுவிக்க ஆரம்பித்திருந்தால் அந்த வாரத்தில் பிடிபட்டுவிடும்.

மற்ற நாள்களில் தராசு அத்தையிடம் இருக்கிறது. தள்ளுவண்டியில் வாங்கும் சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் வாசலிலேயே அதில் ஏறி இறங்குகின்றன. போன வாரம் கால் கிலோ பூண்டில் 30 கிராம் குறைந்தது. வண்டிக்காரர் தெரு முனை திரும்புவதற்குள் அத்தை கூப்பிட்டு நிறுத்திவிட்டார்கள்.